பதினேழு குச்சிகள்

போன மார்கழியில் சமையலறை இழுப்பறையைக் கொட்டிச் சுத்தம் செய்தபோது எண்ணிப் பார்த்தேன். 17 குச்சிகள் இருந்தன. ஜோடிகளைச் சொல்லவில்லை, குச்சிகளைச் சொல்கிறேன். ஒற்றைப்படையில் வந்தால் ஒன்றாவது துணையை இழந்திருக்க வேண்டும் இல்லையா? பிரித்து அடுக்கினால் ஆறு ஜோடி தேறியது, மிச்சம் ஐந்தும் தனிக்கட்டை. ஆறில் மூன்று, கடைச் சாப்பாட்டோடு வந்து காகித உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடந்தவை. ஒன்று கொரிய நண்பர் கொடுத்த எஃகு ஜோடி. ஒன்று எப்படி வீட்டுக்கு வந்தது என்றே தெரியாத கறுப்புப் பிளாஸ்டிக். கடைசி ஜோடி, மகள் மூன்று வயதில் பழகிய, விரல் வளையம் வைத்த பயிற்சிக் குச்சி.

ஒசாகாவுக்குக் குடிவந்து 11 வருஷம் ஆகிறது. வெளியே குச்சி, வீட்டில் கை என்பது எங்கள் ஏற்பாடு. நூடுல்ஸ் செய்யும் நாட்களில் மட்டும் இழுப்பறைக்குள் கைவிட்டு அகப்பட்டதை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள்தான் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, நம்ம வீட்ல உன் ஹாஷி எது, அம்மாவோடது எது?"

"எதுன்னா? கைக்கு வர்றதை எடுத்துக்க வேண்டியதுதான்."

"ச்சீ" என்றாள். ஜப்பானிய மொழியில் அல்ல, சுத்தத் தமிழில்.

அந்த 'ச்சீ'யை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். கும்பகோணத்தில் என் பாட்டியின் குரல் அது. அடுத்தவர் டம்ளரை எடுத்து வாய்வைத்துக் குடித்தால் இதே ஸ்தாயியில்தான் சொல்வாள்.

ஜப்பானிய வீடுகளில் சோற்றுக் கிண்ணமும் குச்சியும் ஆளுக்கு ஆள் தனி. அப்பாவின் குச்சியை அம்மா எடுக்கமாட்டாள். எவ்வளவு கழுவியிருந்தாலும் எடுக்கமாட்டாள். இப்படி ஒருவருக்கு மட்டுமே உரிய பாத்திரத்துக்கு 'ஸொகுஜின்கி' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். சீன வீட்டில் இந்த வழக்கம் பொதுவாகக் கிடையாது. அங்கே ஒரு குவளையில் ஒரே மாதிரிக் குச்சிகள் கத்தையாக நிற்கும், இரண்டை உருவிக்கொண்டு உட்காரலாம். ஒரே கருவி, இரண்டு ஊரில் இரண்டு விதமான மனசு. நல்ல குச்சி எது என்று தேடப் போனவன் இதில்தான் மாட்டிக்கொண்டேன்.

குச்சி பிறந்தது சீனாவில் என்பதில் சண்டை இல்லை. ஷாங் அரசின் கடைசித் தலைநகரான யின்ஷூ, இன்றைய ஆன்யாங் அருகே இருக்கிறது. அங்கே கிடைத்த வெண்கலக் குச்சிகள் ஏறக்குறைய 3200 வருஷப் பழசு. ஆனால் அவற்றைப் பிடித்துச் சாப்பிட்டார்கள் என்று அவசரப்பட்டு எண்ணிவிடக் கூடாது. கொதிக்கும் பானையிலிருந்து கறித்துண்டை எடுக்கவும், அடுப்புக் கரியைத் தள்ளவும் அவை பயன்பட்டிருக்கும் என்பதே பல அறிஞர்களின் கணிப்பு. நம் வீட்டு இடுக்கிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படியிலிருந்து வாய்க்கு வர அதற்குப் பல நூற்றாண்டு பிடித்தது. பழைய சடங்கு நூலான 'லிஜி'யில் ஒரு விதி வருகிறது: தினைச் சோற்றைக் குச்சியால் உண்ணாதே. காய் கிடக்கும் குழம்பு என்றால் குச்சியை எடு, காய் இல்லாவிட்டால் வேண்டாம் என்று இன்னொரு விதி. அதாவது சோற்றுக்குக் கை அல்லது கரண்டி, குழம்பில் மிதப்பதைப் பிடிக்க மட்டும் குச்சி.

வடசீனம் அன்று தினை தேசம். தினை உதிரியாக வேகும், குச்சிக்குள் நிற்காது. கரண்டிதான் ராஜா. பிறகு கோதுமையை மாவாக்கி நூடுல்ஸும் கொழுக்கட்டையும் செய்யத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து, வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் அரிசி வந்தது. கரண்டி மெல்ல சூப்புக்கு ஒதுங்கிவிட்டது. குச்சியின் வெற்றி கையின் சாமர்த்தியத்தால் வந்ததில்லை, தானியத்தால் வந்தது. நம் பொன்னி அரிசிச் சாதத்தைக் குச்சியால் சாப்பிட முயன்றவர்களுக்கு இது உடனே புரியும்.

குச்சியைப் பற்றிய பழங்கதைகளில் எனக்குப் பிடித்தது ஹான் ஃபெய் சொல்வது. ஷாங் வம்சத்தின் கடைசி மன்னன் ஜோவ், யானைத் தந்தத்தில் ஒரு ஜோடி குச்சி செய்துகொண்டானாம். அதைப் பார்த்து அவனுடைய மந்திரி ஜிட்ஸ பயந்துபோனார். ஒரு ஜோடிக் குச்சிக்கு எதற்குப் பயம்? அவர் கணக்கு இப்படிப் போகிறது. தந்தக் குச்சியை மண் கிண்ணத்தில் வைக்க மனசு வராது, பச்சைக்கல் கோப்பை கேட்கும். அந்தக் கோப்பையில் அவரைக் கஞ்சியை ஊற்ற முடியாது, அபூர்வ மாமிசம் வேண்டும். அதை முரட்டுத்துணி கட்டிக்கொண்டு கூரைக் குடிசையில் உட்கார்ந்து தின்ன முடியாது, பட்டும் மாளிகையும் வேண்டும். முடிவில் நாடு போய்விடும். போயும்விட்டது. (நான் 6000 யென் ஜோடி ஒன்றை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி இந்தக் கதையை எனக்கே திருப்பிச் சொன்னாள். சொல்லித் தொலைத்தவன் நான்தான்.)

வெள்ளிக் குச்சிக்கு வேறு கதை. விஷம் பட்டால் கறுக்கும் என்று அரண்மனைகளில் நம்பினார்கள். முழுப்பொய் என்றும் தள்ள முடியாது. அந்தக் காலத்துப் பாஷாணம் சரியாகச் சுத்திகரிக்கப்படாதது, அதில் கந்தகம் கலந்திருக்கும், கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். ஆனால் வேகவைத்த முட்டை மஞ்சள்கரு பட்டாலும் கறுக்கும். எத்தனை சமையற்காரர்கள் இதனால் அடிவாங்கினார்களோ.

பெயருக்கும் ஒரு சரித்திரம் உண்டு. பழைய சீனச் சொல் 'ஜூ'. மூங்கில் குறியைத் தலையில் சுமந்திருக்கும் எழுத்து. ஆனால் 'நில்' என்ற பொருள் தரும் சொல்லும் இதே ஒலியில்தான் வரும். படகோட்டிகளுக்கு இது அபசகுனம். படகு நின்றால் பிழைப்பு போச்சு. ஆகவே 'விரைவு' என்று பொருள்படும் 'க்வாய்' என்ற சொல்லை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள். 15ஆம் நூற்றாண்டில், மிங் காலத்து லூ ரோங், இது சூஜோவ் பக்கத்துப் படகுக்காரர் வழக்கம் என்று தன் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். பிறகு அதுவே நாடு முழுவதும் 'க்வாய்ட்ஸ' ஆகிவிட்டது. நாம் விளக்கை அணைக்காமல் 'குளிர வைப்பது' போல. பழைய எழுத்தை இன்றும் விடாமல் வைத்திருப்பது ஜப்பான்தான். உச்சரிப்பு மட்டும் ஹாஷி.

அந்த ஜப்பான் ஒருகாலத்தில் கையால் சாப்பிட்ட நாடு. நான் சொல்லவில்லை, சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 3ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென் ஷோவ் தொகுத்த 'மூன்று அரசுகளின் வரலாறு' நூலில், 'வா' என்று அழைக்கப்பட்ட இந்தத் தீவு மக்களைப் பற்றி வரும் பகுதியில், இவர்கள் உயரப் பாதம் வைத்த தட்டுகளில் உணவை வைத்துக் கையால் உண்கிறார்கள் என்று ஒரு வரி. அலுவலக கேன்டீனில் நான் சப்பாத்தியைக் கையால் பிய்ப்பதை ஒருவர் வியந்து பார்த்தபோது இந்த வரியைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "சுஷியை இப்பவும் கையாலதான் சாப்பிடுறோம்" என்றார். நியாயம்தான்.

607இல் ஒனொ நொ இமொகொ என்ற தூதர் சுய் அரசவைக்குப் போய்வந்தார். அதன் பிறகு இளவரசர் ஷோதொகு அரண்மனை விருந்தில் குச்சியைப் புகுத்தினார் என்பது இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கதை. 8ஆம் நூற்றாண்டு நாரா தலைநகரின் அகழ்வில் ஹினோகி மரத்தைச் சீவிய எளிய குச்சிகள் கிடைத்திருக்கின்றன. சீனத்திலிருந்தும் கொரியாவிலிருந்தும் குச்சி வந்தபோது கரண்டியும் கூடவே வந்தது. கொரியர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். பேக்ஜே மன்னர் முர்யோங்கின் கல்லறையை 1971இல் திறந்தபோது வெண்கலக் கரண்டியும் வெண்கலக் குச்சியும் அங்கே இருந்தன. அவர் இறந்தது 523இல். இன்றும் சியோலில் எந்த வீட்டு மேசையிலும் அதே ஜோடிதான், உலோகம் மட்டும் எஃகாக மாறியிருக்கிறது. ஜப்பானியர்கள் கரண்டியை விட்டுவிட்டார்கள். சூப் கிண்ணத்தைக் கையில் தூக்கி வாயில் வைத்துக் குடித்துவிடலாம் என்று ஆனபின் அது எதற்கு? கிண்ணத்தைத் தூக்கலாம் என்பதால் குச்சியும் குட்டையாக இருக்கலாம். சீன மேசையில் நடுவிலிருக்கும் பொதுத் தட்டுக்கு எட்ட வேண்டும், அதனால் அங்கே 25, 27 சென்டிமீட்டர் நீளம், மழுங்கின முனை. ஜப்பானில் ஆளுக்கொரு தட்டு, முள்ளோடு சுட்ட மீன். அதனால் குச்சி ஊசிபோல் குறுகுகிறது.

இனி எச்சில் விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் அம்மா மூன்று மாதம் வந்து தங்கியிருந்தாள். கீழ்வீட்டில் ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியவர், தனியாள். வேலைசெய்த காலத்தில் மரக்கடையில் இருந்தவர். அம்மாவுக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது, ஆனாலும் நன்றாகப் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் காகித உறையில் இருந்த 'வாரிபாஷி'யை, பிளந்து பயன்படுத்தும் மரக்குச்சியை, 'டக்' என்று அவர் பிரித்துக் காட்டினார். நான் மொழிபெயர்த்தேன்: பிளக்கும்வரை இது யார் வாயிலும் படாதது, விருந்தாளிக்கு இதைக் கொடுப்பதுதான் மரியாதை. அம்மா தலையாட்டினாள். "வாழை இலை மாதிரி. எடுத்துப் போட்டா முடிஞ்சுது. இவாளும் எச்சில் பாக்கறவாதான்டா!" பதினோரு வருஷத்தில் எனக்குத் தோன்றாதது.

தேநீர் ஆசான் சென் நொ ரிக்யூ விருந்து நாளின் காலையில் யோஷினோவின் செந்நிற செடார் கட்டையை எடுத்துத் தானே குச்சி சீவுவாராம். இரண்டு பக்கமும் கூரான அந்த வடிவம் இன்றும் அவர் பெயரிலேயே விற்கிறது. அதே யோஷினோவில்தான் மெய்ஜி காலத்தில் வாரிபாஷி தொழிலாக வளர்ந்தது. சாக்கே பீப்பாய்க்குப் பலகை அறுத்தால் ஓரத்துண்டு மிஞ்சும், அதை வீணாக்க மனசில்லாமல் பிளந்து குச்சியாக்கினார்கள். சிக்கனத்தில் பிறந்த பொருள் பிறகு ஊதாரித்தனத்தின் சின்னமானது வேறு கதை. இன்று இங்கே புழங்குவதில் மிகப் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. சீனாவே 2006 ஏப்ரலில் ஒருமுறைக் குச்சிக்கு 5 சதவீத வரி போட்டுப் பார்த்தது.

எச்சில் சீனத்தையும் விட்டுவைக்கவில்லை. பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன் தே, 1910-11 மஞ்சூரியப் பிளேக்கை அடக்கியவர், எல்லோரும் தம் குச்சியைப் பொதுத்தட்டில் விடுவதே நோய்க்கு வழி என்று எழுதினார். தட்டுகளைச் சுழலும் பலகையில் வைத்து, பரிமாற மட்டும் தனிக் கரண்டி வைக்கச் சொன்னார். சுழல் பலகை மேசைக்கு மேசை வந்துவிட்டது. தனிக் கரண்டிதான் பாதி வீடுகளில் வரவில்லை.

அம்மாவின் விஷயம். ஒரு ஞாயிறு மதியம் பெரியவர் எங்களோடு சாப்பிட்டார். அம்மா வாழைக்காய் வறுத்திருந்தாள். பேத்தியிடம் குச்சி பிடிக்கக் கற்றுக்கொண்ட பெருமையில் அன்று குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். மகள் ஒரு வாழைக்காய்த் துண்டைத் தன் குச்சியால் எடுத்து, "பாட்டி, இந்தா" என்று நீட்ட, அம்மா தன் குச்சியால் அழகாக வாங்கினாள். நான் கைதட்டக்கூடச் செய்தேன். பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு துண்டைத் தட்டில் போடச் சொன்னாள். எனக்குத் தெரியும், மறந்துவிட்டேன். குச்சியிலிருந்து குச்சிக்கு எதையும் வாங்கக் கூடாது. சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது, அது பிணத்தின் தலைமாட்டில் வைக்கும் சோறு. வாங்கக் கூடாததன் காரணம் அதைவிடக் கனமானது. ஆனால் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கையாலேயே ஒரு துண்டை எடுத்து அம்மாவைப் பார்த்துச் சிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

டிசம்பரில் அவர் போய்விட்டார். தூர ஊரில் இருக்கும் மகள் வந்திருந்தாள். உறவென்று மொத்தம் மூன்று பேர். தகனம் முடிந்து எலும்பு எடுக்கும் நேரத்தில் எனக்கு ஜோடி சேர ஆளில்லை, நீங்கள் வருவீர்களா என்று கேட்டாள். தட்டில் வெள்ளையாகக் கிடந்தார். கையில் கொடுத்த குச்சியில் ஒன்று மூங்கில், ஒன்று மரம். வேண்டுமென்றே ஜோடி சேராத ஜோடி, இந்த ஒரு காரியத்துக்கு மட்டும். காலிலிருந்து தொடங்கித் தலையை நோக்கிப் போக வேண்டும், கலசத்துக்குள் அவர் நேராக நிற்கும்படி. ஒரே எலும்பை அவள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கினோம். கனமே இல்லை. என் குச்சி நடுங்கி அவள் குச்சியில் இடித்த சத்தம் கேட்டது. கடைசியாகத் தொண்டை எலும்பு. உட்கார்ந்து தியானம் செய்யும் புத்தர்போல் இருக்கிறது என்று அதற்குத் தனி மரியாதை. ஜப்பானின் கிழக்கே எல்லா எலும்பையும் எடுப்பார்கள், ஒசாகா பக்கம் கொஞ்சம் மட்டும், கலசமும் சின்னது. ஹாஷி என்றால் குச்சி, ஹாஷி என்றால் பாலமும்கூட. அக்கரைக்கு ஏற்றிவிடுவது என்று அர்த்தம் சொல்கிறார்கள். கும்பகோணத்தில் அப்பாவின் அஸ்தியை நான் கையால் பொறுக்கியிருக்கிறேன், பால் தெளித்த சாம்பலில். அந்தச் சூடு விரலுக்குத் தெரியும். இங்கே இரண்டு குச்சி தூரம் நடுவில் இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு முடிவு தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டுத்தான் அந்த இழுப்பறையைத் திறந்தேன். ஜோடி சேராத ஐந்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நல்ல குச்சிக்காக இரண்டு இடம் போனோம். முதலில் ஒசாகாவின் தோகுயாசுஜி, சமையல் சாமான் தெரு. இரண்டாவது ஃபுகுயி மாகாணத்தின் ஒபாமா. வகாஸா பூச்சுக் குச்சியின் ஊர். 17ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த வேலை நடக்கிறது. சிப்பித் துண்டும் முட்டை ஓடும் பதித்து, அரக்குப்பாலை அடுக்கடுக்காகப் பூசி, பிறகு தேய்த்தால் உள்ளேயிருக்கும் வடிவம் கடலடி போல மேலே வரும். கியோட்டோவுக்குக் கானாங்கெளுத்தி மீன் சுமந்துபோன பழைய பாதை தொடங்குவதும் இதே ஊரில்தான். மீன் முள்ளும் கூர்முனைக் குச்சியும் ஒரே துறைமுகத்தில் விளைந்திருப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அரக்கு என்று நான் சொல்வது 'உருஷி' மரத்தின் பால். பச்சையாகத் தோலில் பட்டால் கொப்புளம் வரும். வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும். ஒரு மரத்தை ஒரு பருவம் முழுக்கக் கீறினால் 200 கிராம்போல கிடைக்கும், அதோடு மரத்தை வெட்டிவிடுவார்கள். சீனாவில் மாவாங்துய் கல்லறையில், கி.மு. 2ஆம் நூற்றாண்டுச் சீமாட்டி ஒருத்தியின் உணவுத் தட்டு இதே பூச்சு மங்காமல், பக்கத்தில் மூங்கில் குச்சியோடு கிடைத்தது. இன்று கடையில் பளபளப்பதெல்லாம் உருஷி என்று நம்பிவிடாதீர்கள். உறையின் பின்பக்கத்தில் மேற்பூச்சு என்ன என்று அச்சிட்டிருக்கும், பாதிக்கு மேல் யூரிதேனோ அக்ரிலிக்கோதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுகிற வீடென்றால் அதுதான் சரி, உருஷியை அதில் போட்டால் பாழ்.

நீளத்துக்குக் கடைக்காரர் என் கையை விரிக்கச் சொன்னார். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் செங்கோணமாக நீட்டி, இரண்டு நுனிக்கும் இடையே அளந்தால் அது ஒரு 'அதா'. அதில் ஒன்றரை மடங்கு உன் குச்சி. நம் சாண் கணக்கின் தம்பி. எனக்கு 23.5 வந்தது, மனைவிக்கு 21, மகளுக்கு 17. குழந்தைக்கு வளரட்டும் என்று நீளமாக வாங்கினால் பிடியே கெட்டுப்போகும், செருப்பு மாதிரி வருஷா வருஷம் மாற்று என்றார்.

கறுப்பாக ஒரு ஜோடியைக் கையில் எடுத்தேன், கருங்காலி இனத்து மரம். ஊரில் எல்லோரும் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு திரிகிறார்களே, அந்தப் பெயர்தான். கனமாக, அழகாக இருந்தது. ஆனால் வழவழப்பு. அதில் பீன்ஸைப் பிடிக்க முயன்றால் தெரியும். அன்றாடத்துக்கு நான் கண்டது இவ்வளவுதான்: உடம்பு எட்டுப் பட்டையாக இருந்தால் உருளாது, விரலுக்கும் இடம் கிடைக்கும். முனை 2 மில்லிமீட்டர், அதிலும் கடைசி இரண்டு விரற்கடைக்குச் சொரசொரப்பு. கனம் குறைவு. மூங்கில் மலிவு, வளையும், பூச்சு போய்விட்டால் மஞ்சளும் புளியும் ஏறிக்கொள்ளும். எங்கள் வீட்டு ரசத்துக்கு அது தாங்காது. கடைசியில் எட்டுப் பட்டை மரம், உருஷி பூசியது, ஜோடி 1800 யென். ஜிட்ஸ பயப்பட மாட்டார். ஊறப்போடக் கூடாது, தேய்க்கும் நாரால் தொடக் கூடாது, துடைத்து நிழலில் வைக்க வேண்டும் என்று மகளுக்குச் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை.

மூன்று ஜோடிக்கு மூன்று நிறம். ஐந்து தனிக்கட்டைகளும் பால்கனியில் கறிவேப்பிலைக் கன்றுக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன. பணம் கட்டும்போது மகள் நான்காவதாக ஒரு சிவப்பு ஜோடியை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். 21 சென்டிமீட்டர். அன்று ராத்திரி வீடியோவில் அதைக் காட்டினோம். அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நன்னா இருக்கு. அடுத்த வருஷம் வரச்சே எடுத்துக்கறேன். அதுவரைக்கும் வர்றவா போறவாளுக்கெல்லாம் குடுத்துடாதேடா."